பதினெட்டு எழுத்துகள்

மாரிச்செல்வி வந்தபோது பியூலா அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான புதிரைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

கோர்ப்பது வாசகர் வேலை; கலைப்பது அவள் வேலை. ஒரு பழமொழியையோ பொன்மொழியையோ எடுத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்து, பார்த்தவுடன் பிடிபடாதபடி கட்டங்களில் சிதறடிக்க வேண்டும். அந்த எழுத்துகளால் வேறொரு வாக்கியம் அமைந்துவிடவும் கூடாது. பத்தொன்பது வருடமாக நாளிதழில் ‘கலைந்த வாக்கியம்’ பகுதியை நடத்துகிறாள். ஒரே ஒரு முறைதான் தவறியது. விடையில் ‘தவம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வதம்’ என்று போட்டாலும் பொருள் ஒட்டிக்கொண்டது. முந்நூறு பேர் கடிதம் எழுதிவிட்டார்கள்.

வாசலில் நின்றவளுக்கு முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கையில் கைப்பேசி.

“மேடம், நான் வேல்மணி சம்சாரம்.”

பியூலாவின் கை கதவுப்பிடியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது ஒருநாள் வருவார்கள் என்று நான்கு வருடமாக அவளுக்குத் தெரியும்.

“உள்ள வாங்க.”

மாரிச்செல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். “சண்ட போட வரல மேடம். எனக்கு ஒரு தடவ வெவரமாச் சொல்லுங்க. கோர்ட்டுல நீங்க சொன்னது வக்கீலுக்குப் புரிஞ்சுது, எனக்குப் புரியல. அந்த மெஷினு என்னதான் செய்யுது?”

பியூலா எத்தனையோ குடும்பங்களுக்குச் சொன்னதுதான். “வாயும் கையும் அசையாம, கண்ணக்கூடச் சிமிட்ட முடியாமக் கெடக்கிறவங்க இருக்காங்க இல்லையா? உள்ள புத்தி தெளிவா இருக்கும். அவங்க மனசுக்குள்ள ஒரே வாக்கியத்தத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தா, நாலு மணி நேரத்துல அதுல என்னென்ன எழுத்து இருக்குன்னு மெஷின் கண்டுபிடிச்சிரும். எந்த எழுத்து எத்தன தடவன்னும் சொல்லும். எது முன்ன, எது பின்னன்னு மட்டும் அதுக்குத் தெரியாது.”

“மாலைய அறுத்துப் பூவ எல்லாம் பையில போட்டுக் குடுத்த மாதிரி.”

“ஆமா. மூட்டைன்னுதான் நாங்களும் சொல்லுவோம்.”

“அந்த மூட்டையப் பிரிச்சுத் திரும்பக் கட்டுறது நீங்க.”

“நான் கோர்ப்பாளர். அதுக்கு லைசென்ஸ் இருக்கு. அவங்க எப்படிப் பேசுவாங்கன்னு வீட்டுல விசாரிப்பேன், பழைய குரல் பதிவெல்லாம் கேப்பேன். அப்புறம் கோர்ப்பேன்.”

மாரிச்செல்வி கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். “எங்க வீட்டுக்காரருக்குக் கொம்பையா அண்ணாச்சி அனுப்புன பதிவு பதினாலு இதுல இருக்கு. ஆபீசருக்குப் பேசி அனுப்புனதையும் இவருக்கு அனுப்பி வச்சிருக்காரு. இவரோட பழைய போனு. போன மாசந்தான் சரி பண்ணிக் குடுத்தாங்க. கேளுங்க.”

கரகரத்த குரல் அறையில் கேட்டது. *வேல்மணி, நீ போய்ச் சாப்ட்டுட்டு வா, நான் நிக்கேன்.* அடுத்தது: *வேல்மணிக்கு லீவு குடுங்க சார், நான் ரெண்டு ஷிப்டும் பாத்துக்கிடுதேன்.* அடுத்தது: *அவன் மேல தப்பில்ல, நான் மறந்துட்டேன்.* மாரிச்செல்வி ஒன்றைக்கூட விடாமல் பதினான்கையும் போட்டுக் காட்டினாள்.

“எல்லாத்துலயும் அடுத்தவன் முன்னால வாரான். அண்ணாச்சி பின்னால வாராரு. நீங்க கோர்ட்டுல தலைகீழாச் சொன்னீங்க, மேடம்.”

தெருவில் மீன்காரர் குரல் கொடுத்துக்கொண்டு போனார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் குளோரின் கசிந்தது. மூன்று பேர் அந்த இடத்திலேயே செத்தார்கள். ஷிப்டு பொறுப்பாளர் கொம்பையா உள்ளே ஓடி இரண்டு பேரை இழுத்து வந்து போட்டார். மூன்றாவது ஆளுக்காகத் திரும்பப் போனவர் விழுந்தார். மூளைக்குக் காற்றில்லாமல் போய், உயிரோடு கல்லாகிவிட்டார். திறக்கக் கூடாத வால்வை யாரோ திறந்திருந்தார்கள். அந்த நேரத்தில் வால்வுப் பக்கம் இருந்தவர்கள் இரண்டே பேர்: கொம்பையா, ஒப்பந்தத் தொழிலாளி வேல்மணி. தான் திறக்கவில்லை என்றான் வேல்மணி. கொம்பையாவால் பேச முடியாது.

அதனால் அந்த மெஷினில் அவரை வாசிக்க ஏற்பாடானது. மூட்டையில் பதினெட்டு எழுத்துகள் வந்தன. பேச்சுத் தமிழில் நினைத்திருந்தார். பியூலா முதல் கால் மணியில் கோர்த்துவிட்டாள்:

*வால்வத் தொறந்தது நான் இல்ல வேல்மணி.*

இன்னொரு நிமிடத்தில் அடுத்ததையும் கண்டாள்:

*வால்வத் தொறந்தது வேல்மணி இல்ல நான்.*

அதே பதினெட்டு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

இரண்டு வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். மூட்டை தள்ளுபடியாகியிருக்கும். எழுதத்தான் பேனாவை எடுத்தாள். அப்போது வாசிப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொம்பையாவின் மனைவி சண்முகக்கனி புருஷனுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். வகிடு நேராக வரவில்லை என்று கலைத்து, திரும்ப வாரினாள். ஆலை அதிகாரி ஒருவர் காலையில்தான் சொல்லியிருந்தார்: தவறு கொம்பையாவுடையது என்றால் அவருடைய மூச்சுக்கருவிக்கு நிர்வாகம் பொறுப்பேற்க முடியாது. பியூலா கண்ணில் இருந்தது இந்த ஒரு முகம். வேல்மணியின் முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

கோர்ட்டில் வேல்மணியின் வக்கீல் சரியாகத்தான் கேட்டார். “மாற்றியும் கோர்க்கலாமே, அம்மா?”

“கோர்க்கலாம். ஆனால் கொம்பையா அப்படிப் பேசுகிறவர் இல்லை. நாற்பத்தொரு குரல் பதிவுகளைக் கேட்டேன். தன்னில் தொடங்கித்தான் அடுத்தவரிடம் போவார்.”

உண்மையில் அவள் கேட்டது ஆறு. மூன்று அப்படி இருந்தன, மூன்று இப்படி. வேல்மணிக்கு ஏழு வருடம் கிடைத்தது.

“நான் என்ன செய்யணும்னு வந்திருக்கீங்க?” என்றாள் பியூலா. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

“அண்ணாச்சி இன்னும் உயிரோட இருக்காருல்ல? திரும்பக் கேளுங்க.”

*

டாக்டர் ஹமீதா வாசிப்புப் பிரிவின் தலைவி. பியூலா கேட்டு முடிக்கும் முன்பே தலையை ஆட்டிவிட்டாள்.

“போன தடவையே வலிப்பு வந்துச்சு, ஒம்பது நாள் காய்ச்சல். இன்னொண்ணு தாங்குவாருன்னு என்னால எழுதித் தர முடியாது பியூலா. கோர்ட்டு உத்தரவு இருந்தாச் செய்வேன். நீ கேட்டா மாட்டேன். சண்முகக்கனி கேட்டா யோசிப்பேன்.”

“கேட்டுப் பாக்கேன்.”

“நீ அவ கிட்ட என்னன்னு சொல்லுவே?”

“நடந்ததச் சொல்லுவேன்.”

ஹமீதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஆறு வருடமாகச் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தவள் மாதிரி இருந்தாள். “சட்டம் தெரியும்ல? வாசிக்கிற அன்னைக்கு அவர் கிட்ட யாரும் ஒரு சொல் பேசக் கூடாது. காதுல விழுற சொல்லும் மெஷின்ல விழும். எது அவர் நெனச்சது, எது கேட்டதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது. அறைக்குள்ள ஒரு குரல் பதிவானாலும் வாசிப்பு செல்லாது.”

*

சண்முகக்கனி செய்தித்தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். மழை, மீன்பிடித் தடை, எங்கோ ஒரு தேர்தல். கட்டிலில் கிடந்தவருடைய கண்கள் மேலே விசிறியில் நிலைத்திருந்தன. மூச்சுக்கருவி சீராக ஏறி இறங்கியது. பியூலாவைப் பார்த்ததும் சண்முகக்கனி முகம் மலர்ந்தது.

“வாங்க பியூலாம்மா. உங்க புதிரத்தான் அடுத்து வாசிக்கணும். எழுத்த ஒவ்வொண்ணா வாசிச்சுட்டு ஒரு மணி நேரம் விட்டுருவேன். அவிய மனசுக்குள்ளயே போட்டுருவாவ. முன்னால காயிதம் பேனா இல்லாமப் போடுவாவல்லா? அதனாலதான் அன்னைக்கு உங்களையே கூப்பிடணும்னு சொன்னேன்.”

பியூலா அவளை மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள். சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னாள். இரண்டு வாக்கியம் வந்தது, ஒன்றை மறைத்தேன், கோர்ட்டில் பொய் சொன்னேன். மூன்றே வரிதான். பிறகு, திரும்ப வாசிக்க வேண்டும் என்பதையும் டாக்டர் சொன்ன ஆபத்தையும் சொன்னாள்.

சண்முகக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் செஞ்சீங்க?”

“உங்களப் பாத்தேன்க்கா. அவருக்கு நீங்க தலை வாரிட்டிருந்தீங்க.”

“எனக்காகவா செஞ்சீங்க?” குரல் உயர்ந்தது. ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். “நான் கேட்டனா? என்னையக் காப்பாத்துங்கன்னு உங்க கிட்ட வந்து நின்னனா? இப்ப வந்து இன்னொரு தடவ அந்த மெஷின்ல போடணுங்கீங்க. செத்துப் போவாவன்னு டாக்டரே சொல்லுதாவ. உங்க பாவத்தக் கழுவ என் புருஷன்தான் கெடச்சாவளா? போங்கம்மா. இங்கன நிக்காதீங்க.”

பியூலா படியிறங்கினாள். பேருந்தில் ஏறியும் உட்காரத் தோன்றவில்லை. காலி இருக்கைகள் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நான்காம் நாள் காலை கைப்பேசி அடித்தது.

“நான் சண்முகக்கனி. நாலு வருசமா அவியளுக்குப் பேப்பர் வாசிக்கேன். வேல்மணி பேரு வந்தா மட்டும் தாண்டிப் போயிருவேன். தீர்ப்பு வந்த அன்னைக்கு ஒரே ஒரு தடவ வாசிச்சேன். அன்னைக்கு அவிய நாடி ஏறுனது மூணு நாள் எறங்கல. காய்ச்சல்னு நெனச்சாவ. எனக்குத் தெரியும், அது காய்ச்சல் இல்ல.”

“அக்கா…”

“நேத்து அவிய காதுல போயி வேல்மணின்னேன். அவ்வளவுதான். நூத்தி முப்பது காட்டுச்சு மெஷினு. நர்ஸ் ஓடி வந்தா.” மூச்சு வாங்கியது. “வாசிக்கச் சொல்லுங்க. ஆனா நான் பக்கத்துல இருப்பேன். கையப் பிடிச்சுக்கிடுவேன். அதுக்குச் சம்மதம்னா செய்யச் சொல்லுங்க.”

*

வாசிப்புக்கு முந்தின நாள் மாலை வரை நோயாளியிடம் பேசலாம். பியூலா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சண்முகக்கனி கால்மாட்டில் நின்றாள்.

“அண்ணாச்சி, நான் பியூலா. ஞாயித்துக்கிழமை புதிர் போடுறவ.”

விசிறியில் நிலைத்த கண்கள். எந்த அசைவும் இல்லை.

“நீங்க அன்னைக்குச் சொன்னத நான் தப்பாக் கோத்துட்டேன்னு நெனைக்கேன். தெரிஞ்சே கோத்தேன். நீங்க அதக் கேட்டுக்கிட்டு நாலு வருசம் இங்க படுத்திருந்திருக்கீங்க.” அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுகையும் ஒருவகையில் அவர் மேல் ஏற்றும் பாரம். “நாளைக்கு இன்னொரு தடவ வாசிக்கிறோம். நீங்க எது சொன்னாலும் சரி. மாத்திக் கோக்க முடியாத மாதிரிச் சொல்லுங்க. என்னாலகூட மாத்த முடியாத மாதிரி.”

நாடி எண்பத்தெட்டில் இருந்தது. மெல்ல நூறைத் தொட்டது. பிறகு, யாரோ மனதை ஆற்றிக்கொள்வதுபோல, இறங்கி எண்பதில் நின்றது.

*

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள். அறைக்குள் கொம்பையாவும் சண்முகக்கனியும் மட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹமீதா, பியூலா. முன்னால் இரண்டு திரைகள். ஒன்றில் அவருடைய நாடியும் உடல் வெப்பமும். மற்றொன்றில் அறையின் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு. மூச்சுக்கருவியின் சத்தத்துக்கு ஏற்றபடி அது சின்னச் சின்ன அலையாக ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு வெப்பம் நூற்றியொன்று. பன்னிரண்டரைக்கு நூற்றிரண்டு. ஹமீதாவின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. “நூத்தி மூணு ஆனா நிறுத்திருவேன்” என்றாள்.

பியூலா சண்முகக்கனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உதடு இறுகியிருந்தது. பியூலாவுக்குப் புதிதாக ஒரு பயம் கிளம்பியது. மெஷினுக்குக் கேட்ட சொல்லும் நினைத்த சொல்லும் ஒன்றுதான். வேல்மணி என்பது நான்கே எழுத்து. குனிந்து, பச்சைக் கோடு அசையாத அளவுக்கு மெல்ல, அந்த நான்கை அவர் காதில் போட்டுவிட்டால் மூட்டையில் அது விழும். புருஷனின் பெயர் காப்பாற்றப்படும், மூச்சுக்கருவியும் ஓடும். நான்கு வருடத்துக்கு முன்பு பியூலா செய்ததைத்தான் அவளும் செய்வாள். அதைத் தவறு என்று சொல்ல பியூலாவுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒன்று இருபதுக்குச் சண்முகக்கனி குனிந்தாள்.

அவள் முகம் அவர் காதோரம் போனது. முதுகு மறைத்ததால் உதடு தெரியவில்லை. பச்சைக் கோடு ஒருமுறை எகிறி விழுந்தது.

“பேசிட்டா!” ஹமீதா எழுந்துவிட்டாள். “எல்லாம் போச்சு. நிறுத்துறேன்.”

“வேண்டாம்.” பியூலா அவள் கையைப் பிடித்தாள். “இன்னும் நாப்பது நிமிசம். முடியட்டும்.”

“செல்லாதுடி!”

“செல்லாட்டிப் போகுது. அவர் சொல்லி முடிக்கட்டும்.”

வெப்பம் நூற்றிரண்டரை. இருவரும் நின்றபடியே பார்த்தார்கள். இரண்டு மணி அடித்தபோது கொம்பையாவின் நெற்றி முழுக்க வியர்வை. சண்முகக்கனி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

திரையில் எழுத்துகள் வந்தன. எது வலுவாகப் பதிந்ததோ அது முதலில் வரும். முதலில் இரண்டு, கொட்டை எழுத்தில், நான்கு மணி நேரம் இடைவிடாமல் நினைத்தால் மட்டுமே வரும் அழுத்தத்தில்:

நா. ன்.

பிறகு மங்கலாக ஐந்து, ஒரே ஒரு முறை காதில் விழுந்த அளவுக்கு:

சொ. ல். லு. ங். க.

அவ்வளவுதான். வே இல்லை, ணி இல்லை. பியூலா ஏழையும் மனதுக்குள் ஒருமுறை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். பத்தொன்பது வருடப் பழக்கம் அது. மாற்ற ஒன்றுமில்லை. இரண்டு எழுத்தை எப்படிக் கலைப்பது?

கதவைத் திறந்துகொண்டு சண்முகக்கனி வெளியே வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உள்ள என்ன சொன்னீங்க அக்கா?” என்றாள் பியூலா.

“சொல்லுங்கன்னு சொன்னேன்.” அவள் கண்ணைத் துடைக்கவில்லை. “என்னைய நெனச்சுத் தயங்குவாவளோன்னு தோணுச்சு. என்னைய நெனைக்காதீங்க, சொல்லுங்கன்னு. முழுசாச் சொல்ல வாய் வரல. ஒரு வார்த்தைதான் வந்துச்சு. தப்பா?”

ஹமீதா திரும்பிக்கொண்டாள். பியூலா திரையை அவள் பக்கம் திருப்பினாள். சண்முகக்கனி எழுத்துக்கூட்டி வாசித்தாள். முதல் இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

“தெரியும்” என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

*

வாசிப்பு செல்லாது என்று மூன்று வரியில் தள்ளுபடி செய்தார்கள். ஒலிப்பதிவு இருந்தது, ஹமீதா அதை மறைக்கவில்லை. அன்று மாலையே கொம்பையாவுக்குக் காய்ச்சல் கூடியது. பதினோராம் நாள் போய்விட்டார். அடக்கத்துக்கு ஆலையிலிருந்து யாரும் வரவில்லை. மாரிச்செல்வி வந்திருந்தாள். பெண்கள் கூட்டத்தில் கடைசியாக நின்றவளைச் சண்முகக்கனி கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

இனி மெஷினிடம் கேட்க ஆளில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு சாட்சி. பியூலா ஒரு வக்கீலிடம் போனாள். அவர் அவளை உட்காரவைத்து நிதானமாக எடுத்துச் சொன்னார்.

“பொய்ச் சாட்சின்னு உங்க மேலயே கேஸ் வரும். லைசென்ஸ் போகும். அதவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. நீங்க கோத்த வாக்கியம் மொத்தம் எத்தன?”

“இருநூத்திப் பன்னெண்டு.”

“அந்த இருநூத்திப் பன்னெண்டு வீட்டுலயும் நாளைக்கு என்ன நினைப்பாங்க?”

அதை யோசித்து அவள் பல நாள் தூங்காமல் இருந்தவள்தான். உயில் எழுதிய வாக்கியங்கள் இருந்தன. மன்னிப்புக் கேட்டவை இருந்தன. பெரும்பாலானவை இரண்டு மூன்று சொல்லில் முடிகிற சாதாரண வார்த்தைகள். அவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

“பாளையங்கோட்டை ஜெயில்ல ஒருத்தர் உக்காந்திருக்காரு சார். அவர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.”

நீதிபதி வயதில் சிறியவர். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். “நாற்பத்தொரு பதிவு கேட்டதாக அன்று சத்தியம் செய்து சொன்னீர்கள். எத்தனை கேட்டீர்கள்?”

“ஆறு.”

“அந்த ஆறு பதிவாவது உங்கள் முடிவுக்கு ஆதரவாக இருந்ததா?”

“இல்லை ஐயா. நான் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டேன்.”

கூடத்தில் வேல்மணி இருந்தான். அப்போதுதான் அவன் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். நெடிய, ஒல்லியான ஆள், காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. அவன் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. மாரிச்செல்வி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தான்.

நான்கு மாதம் கழித்து அவனை விட்டார்கள். பியூலாவின் லைசென்ஸ் அதற்கு முன்பே போய்விட்டது. நாளிதழ் புதிர்ப் பகுதியை வேறொருவருக்குக் கொடுத்தது. அவள் மேல் போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிலர் வாசலில் நின்று திட்டினார்கள். ஒரு வயதான அம்மா மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். பியூலா கதவைச் சாத்தவில்லை. வந்தவர்கள் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

ஒருநாள் பதினோரு மணி வெயிலில் ஐம்பது வயதுள்ள ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். பெயர் தங்கராசு. லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ஐந்து வருடம் முன்பு அவர் மனைவிக்கு வாசித்தார்கள். அடுத்த வாரமே அந்தப் பெண் இறந்துவிட்டாள். அந்த வாக்கியத்தை பியூலா மறக்கவில்லை: *பிள்ளைய திட்டாதீங்க.*

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தாளை எடுத்து நீட்டினார். “இது அவ சொன்னதுதானாம்மா?”

பியூலா அதை வாங்கிப் பார்த்தாள். பத்து எழுத்து. கீழே அவளுடைய கையெழுத்து. “எழுத்து அத்தனையும் அவங்களோடது அண்ணாச்சி. வரிசை என்னோடது.”

“வேற மாதிரியும் வருமா?”

“எனக்குத் தெரிஞ்சு வரல. ஆனா எனக்குத் தெரிஞ்சதுன்னு சொன்னா இனிமே யாரும் நம்பக் கூடாது.”

அவர் தலையசைத்தார். போகிறவர்போலத் திரும்பினார். போகவில்லை. ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“அஞ்சு வருசமா எம்பொண்ண ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டா, ஒண்ணும் சொல்லல. என் பேச்சக் கேக்காம எங்கெங்கயோ போறா, ஒண்ணும் சொல்லல. அவ அம்மா சொன்னதாச்சே. உங்க செய்தி பேப்பர்ல வந்துச்சுல்ல, மறுநாள் திட்டிட்டேன். அஞ்சு வருசத்ததும் சேத்துத் திட்டிட்டேன்.”

“பொண்ணு என்ன சொல்லுச்சு?”

“அழுதா. அப்புறம்… ‘இப்பத்தான் எங்கப்பா மாதிரி இருக்கீங்க’ன்னா.”

பியூலா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, கிழிக்கவும் இல்லை, சட்டைப்பைக்குள் வைக்கவும் இல்லை. கையில் பிடித்தபடி நின்றார்.

“இத வச்சுக்கிடட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கம்மா.”

ஒரு சொல் சொன்னால் போதும். அவர் நிம்மதியாகப் போய்விடுவார். என்ன சொல் என்றுகூட பியூலாவுக்குத் தெரிந்திருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“அத நான் சொல்லக் கூடாது அண்ணாச்சி” என்றாள். “வெயில்ல நிக்கீங்க. உள்ள வாங்க, ஒரு காப்பி போடுறேன்.”

அவர் செருப்பைக் கழற்றினார்.